பெர்பெத்துவா: சிறையில் எழுதிய தாய்

இந்த நேரலையில் இதுவரை நாவலாசிரியர்களையும் கவிஞர்களையும் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறோம். இன்று ஒரு புனிதரைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். இலக்கிய அமர்வில் புனிதருக்கு என்ன வேலை என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தப் புனிதர் எழுதியவர். அதுதான் காரணம்.

அவர் பெயர் விபியா பெர்பெத்துவா. கி.பி. 203, மார்ச் 7ஆம் நாள் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்து விளையாட்டரங்கில் கொல்லப்பட்டார். வயது ஏறக்குறைய 22. பால்குடி மறக்காத ஓர் ஆண் குழந்தைக்குத் தாய். சாவுக்கு முந்தைய நாள் வரை சிறையில் நடந்ததைத் தன் கைப்பட லத்தீனில் எழுதினார். ஒரு கிறிஸ்தவப் பெண் எழுதி இன்றுவரை கிடைத்திருக்கும் எழுத்துகளில் மிகப் பழையது இதுதான் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் கருத்து. வேறொருவர் அவர் குரலில் எழுதியிருக்கலாம் என்று ஐயப்படுகிறவர்களும் உண்டு.

எழுத்துக்குள் போவதற்கு முன் ஒரு சொல்லைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'மார்த்துஸ்' என்றால் சாட்சி. நீதிமன்றத்தில் நின்று கண்டதைச் சொல்கிறவர். பிறகு, விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர் என்ற பொருள் அதில் ஏறியது. தமிழ்க் கிறிஸ்தவர்கள் வேதசாட்சி, இரத்தசாட்சி, மறைசாட்சி என்று சொல்லும்போது அந்தப் பழைய பொருள் அப்படியே நிற்கிறது. பெர்பெத்துவா இரண்டு பொருளிலும் சாட்சி. உயிரையும் கொடுத்தார், வாக்குமூலத்தையும் எழுதி வைத்தார்.

கார்த்தேஜ் இன்றைய துனிசியாவின் தலைநகரான துனிசை ஒட்டி இருக்கிறது. அன்று அது ரோமப் பேரரசின் பெருநகரங்களில் ஒன்று. பேரரசர் செப்திமியுஸ் செவேருஸ். திருமுழுக்குப் பெறத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு சிறு குழு கைதானது. வசதியான குடும்பத்தில் பிறந்து, நல்ல கல்வி பெற்று, முறைப்படி மணமானவர் பெர்பெத்துவா. அவரோடு ரெவோகாத்துஸ், பெலிசிட்டி என்ற இரு அடிமைகள். சத்துர்னீனுஸ், செக்குந்துலுஸ் என்ற இருவர். அவர்களுக்குப் போதித்த சத்துருஸ் பின்னர் தாமாகவே வந்து சரணடைந்தார். எசமான வர்க்கத்துப் பெண்ணும் அடிமைப் பெண்ணும் ஒரே வழக்கில் நின்றார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த நூலில் மூவரின் எழுத்து இருக்கிறது. முன்னுரையும் முடிவும் பெயர் தெரியாத தொகுப்பாசிரியர் எழுதியவை. நடுவில் பெரும்பகுதி பெர்பெத்துவாவுடையது. அதை அடுத்து, சத்துருஸ் கண்ட காட்சி ஒன்று அவர் சொற்களில் வருகிறது.

பெர்பெத்துவா தன் பகுதியை அப்பாவிலிருந்து தொடங்குகிறார். கிறிஸ்தவத்தை விட்டுவிடும்படி அப்பா மன்றாடுகிறார். பக்கத்தில் இருந்த ஒரு குடத்தைக் காட்டி, இதை வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று மகள் கேட்கிறார். முடியாது என்கிறார் அப்பா. அதுபோலத்தான் நானும், கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதுவாகவும் என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறார் மகள். இறையியல் விளக்கம் எதுவும் இல்லை. வீட்டில் கிடக்கும் ஒரு குடம் போதுமானதாக இருக்கிறது.

பிறகு சிறை. அப்படிப்பட்ட இருட்டை அவர் அதற்கு முன் கண்டதில்லை. நெரிசல், புழுக்கம், படைவீரர்களின் அடாவடி. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையைப் பற்றிய கவலை. தெர்த்தியுஸ், பொம்போனியுஸ் என்ற இரு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் நல்ல இடத்துக்கு மாற்றச் செய்கிறார்கள். அங்கே பசியால் துவண்டிருந்த குழந்தைக்கு அவர் பாலூட்டுகிறார். பிறகு குழந்தை சிறையிலேயே தன்னோடு இருக்க அனுமதி கிடைத்ததும், அந்தச் சிறை தனக்கு அரண்மனையாகிவிட்டது என்கிறார். தியாகிகளைப் பற்றிய கதைகளில் தேடினாலும் கிடைக்காத வரி இது.

விசாரணை நாளில் அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இறந்துபோன ஆளுநரின் இடத்திலிருந்து விசாரித்த ஹிலாரியானுஸ், அப்பாவின் நரைக்கும் பிள்ளையின் பிஞ்சு வயதுக்கும் இரங்கி, பேரரசர்களின் நலனுக்காகப் பலி செலுத்தச் சொல்கிறார். மறுக்கிறார் பெர்பெத்துவா. விடாமல் மன்றாடிய அப்பாவைக் கீழே தள்ளிக் கோலால் அடிக்கிறார்கள். அந்த அடி தன் மேல் விழுந்ததுபோல வலித்தது என்று எழுதுகிறார் மகள். அப்பாவை எதிரியாக அவர் எந்த இடத்திலும் காட்டவில்லை.

தண்டனை விதித்த பிறகு குழந்தையை அனுப்ப அப்பா மறுத்துவிடுகிறார். ஆனால் குழந்தை அதற்குமேல் பால் தேடவில்லை. தனக்கும் மார்பு கட்டிக்கொள்ளவில்லை என்று குறித்து வைக்கிறார். கடவுளின் அருளை ஒரு தாய் அளக்கும் விதம் இப்படித்தான் இருக்கும்.

இடையிடையே கனவுகள். ஆயுதங்கள் தொங்கும் வெண்கல ஏணி, அதன் அடியில் ஒரு பெரும்பாம்பு. அதன் தலையை முதல் படியாக மிதித்து ஏறினால் மேலே பெரிய தோட்டம். நரைத்த மேய்ப்பர் ஆட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறார். அவர் கொடுத்த பால்கட்டியின் இனிப்பு விழித்த பிறகும் வாயில் இருந்தது. இன்னொரு கனவில், முகத்தில் புற்று வந்து 7 வயதில் இறந்துபோன தம்பி தினோகிராத்தெஸ், எட்டாத உயரத்தில் இருக்கும் தொட்டி நீருக்காகத் தவிக்கிறான். அக்கா அழுது வேண்டுகிறார். அடுத்த காட்சியில் தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருக்கிறது. பையன் குடித்துவிட்டு விளையாடப் போகிறான்.

பெலிசிட்டி எட்டு மாதக் கர்ப்பிணி. கர்ப்பிணிக்கு மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது என்பது ரோமச் சட்டம். அதனால் மற்றவர்களோடு சாக முடியாமல் போய்விடுமோ என்று அஞ்சுகிறார். தோழர்கள் வேண்டிக்கொள்கிறார்கள், வலி எடுக்கிறது. வலியில் கத்தியவரைக் காவலாள் ஒருவன் ஏளனம் செய்கிறான். இப்போது படுவது என் பாடு, அரங்கில் எனக்காகப் பாடுபட இன்னொருவர் என்னுள் இருப்பார் என்கிறார் அவர். பிறந்த பெண் குழந்தையைச் சபையைச் சேர்ந்த ஒரு பெண் வளர்த்தார்.

பேரரசரின் மகன் கெத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில் தண்டனை நிறைவேறுகிறது. பெண்கள்மீது ஏவியது ஒரு முரட்டுப் பசுவை. இருவரையும் ஆடையின்றி வலையில் சுற்றிக் கொண்டுவந்தபோது கூட்டமே அதிர்ந்தது. ஒருவர் இளம்பெண், மற்றவர் மார்பில் பால் சொட்டும் பிள்ளை பெற்றவர். திரும்ப அழைத்துப்போய் ஆடை உடுத்திக் கொண்டுவந்தார்கள். பசு முட்டி விழுந்த பெர்பெத்துவா, கலைந்த கூந்தல் துக்கத்தின் அடையாளம் என்பதால் அதை முடிந்துகொண்டு, பெலிசிட்டிக்குக் கை கொடுத்து எழுப்பினார். கடைசியில் நடுங்கிய வாள்வீரனின் கையைத் தானே கழுத்துக்கு வழிநடத்தினார் என்று தொகுப்பாசிரியர் எழுதுகிறார்.

இனி வணக்கத்தின் வரலாற்றுக்கு வருவோம். 354ஆம் ஆண்டு நாட்காட்டி என்று அறியப்படும் ரோமத் தொகுப்பில், மார்ச் 7க்கு நேராக இருவர் பெயரும் இருக்கின்றன. உள்ளூர் மறைசாட்சிகளே நிறைந்த அந்தப் பட்டியலில் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு இடம் கிடைத்தது பெரிய விஷயம். வட ஆப்பிரிக்கக் கோவில்களில் அவர்கள் நினைவுநாளில் இந்த நூலை வாசித்தார்கள். புனித அகுஸ்தீனார் அந்த நாளில் ஆற்றிய மறையுரைகள் கிடைத்திருக்கின்றன. இரு பெயர்களையும் சேர்த்தால் 'நிலையான பேரின்பம்' என்ற பொருள் வருவதை அவர் ரசித்துச் சொல்கிறார். தினோகிராத்தெஸ் கனவை ஒருவர் வாதத்துக்கு ஆதாரமாகக் காட்டியபோது மட்டும், இது வேதநூல் அல்ல என்று தடுத்தார். அப்படித் தடுக்க வேண்டிய அளவுக்கு மக்களிடம் அதற்கு மதிப்பு இருந்திருக்கிறது.

இத்தாலியில் ரவென்னாவின் மொசைக் சித்திரங்களில் இருவரும் இருக்கிறார்கள். உரோமைத் திருப்பலியின் முதலாம் நற்கருணை மன்றாட்டில் இருவர் பெயரும் உண்டு. அந்த மன்றாட்டு சொல்லப்படும் தமிழ்த் திருப்பலியிலும் கேட்கலாம். மார்ச் 7 பின்னாளில் தாமஸ் அக்குவினாஸின் திருநாளானது. 1908இல் இவர்களுடைய நாள் மார்ச் 6க்குப் போனது. 1969 சீர்திருத்தத்தில் மார்ச் 7 மீண்டும் கிடைத்தது. கார்த்தேஜில் இவர்கள் பெயர் பொறித்த கல்வெட்டுத் துண்டுகளை 1907இல் தெலாத்ர் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் கண்டெடுத்தார்.

ஆனால் வணக்கம் இன்னொரு வேலையும் செய்தது. வழிபாட்டு வாசிப்புக்கு வசதியாக 'அக்தா' எனப்படும் சுருக்க வடிவங்கள் உருவாயின. அவற்றில் கணவர் வருகிறார். பெர்பெத்துவா தன் பகுதியில் கணவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை என்பதால், அந்தக் குறையை நிரப்பிவிட்டார்கள். அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று. சுருக்க வடிவத்தில் பெர்பெத்துவா குழந்தையை உதறித் தள்ளி, குடும்பத்தாரை விரட்டுகிறார். குழந்தை மடியில் இருந்ததால் சிறையே அரண்மனையானது என்று எழுதிய அதே பெண்!

ஏன் இப்படி மாற்றினார்கள்? தியாகி என்றால் பாசத்தை அறுத்தவராக இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் எதிர்பார்த்தார்கள். பெர்பெத்துவாவின் எழுத்து அதற்குப் பொருந்தவில்லை. அவர் பாசத்தை அறுக்கவே இல்லை. அப்பாவின் வலியும் பிள்ளையின் பசியும் தெரிந்தே, அந்தப் பாரத்தோடுதான் அரங்குக்குப் போனார். என் வாசிப்பில் அவருடைய உறுதியின் விலை அங்கேதான் தெரிகிறது. குழந்தையை உதறுகிற பெண்ணுக்குச் சாவு எளிது.

நீண்ட வடிவம் சில கைப்பிரதிகளில் மட்டும் பிழைத்தது. 17ஆம் நூற்றாண்டில் மொந்தே கசினோ மடத்தில் லத்தீன் பிரதி ஒன்று கிடைத்து அச்சேறியது. 1889இல் ஜெருசலேமில் கிரேக்க வடிவம் கிடைத்தது. வணக்கம் இல்லாதிருந்தால் இந்த ஏடுகளைப் படியெடுக்க ஆள் இருந்திருக்காது. கைப்பிரதி மட்டும் அழிந்திருந்தால் குழந்தையை உதறிய பெர்பெத்துவாவே நமக்கு மிஞ்சியிருப்பார்.

அரங்கில் நடக்கப்போவதை விருப்பமுள்ளவர் எழுதட்டும் என்று சொல்லித் தன் பகுதியை முடிக்கிறார் பெர்பெத்துவா. பிறகு பலர் எழுதினார்கள். நாம் முதலில் அவர் எழுதியதைப் படிப்போம். சில பக்கங்கள்தான், ஒரே அமர்வில் முடித்துவிடலாம்.