வெயிலில் வெந்த ரொட்டி

எங்கள் கேழ்வரகு மூட்டையில் கிடக்க, விடுமுறைக்கு வந்த பேரனுக்கு தினமும் டவுன் பேக்கரி ரொட்டி. மனசு கேட்கவில்லை. பழைய சூரிய அடுப்பைத் தூசி தட்டினேன். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் உமி, மேலே இரண்டடுக்குக் கண்ணாடி, அவ்வளவுதான். 1767-லேயே ஜெனீவாவில் சொஸ்யூர் என்பவர் இப்படியொரு சூட்டுப்பெட்டி செய்திருக்கிறார்.

முதல் ரொட்டி நடுவில் பச்சை மாவு, எருக்குழிக்குப் போச்சு. வங்கியில் தணிக்கை பார்த்த புத்தி, பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் திறந்து திறந்து பார்த்தேன். சேர்ந்த சூடெல்லாம் போய்விட்டது. "ரொட்டி என்ன கணக்குப் புத்தகமா?" என்றாள் வீட்டுக்காரி.

இப்போது வெறும் பெட்டியை ஒரு மணி நேரம் முன்பே வெயிலில் காய விடுகிறேன். கோதுமை மாவு மூன்று பங்கு, கேழ்வரகு ஒரு பங்கு. கேழ்வரகு கூடினால் எழும்பாது, கல்தான். ஈஸ்ட் போட்டுப் பிசைந்து உப்பிய மாவை, மூடியுள்ள கறுப்புப் பாத்திரத்தில் 11 மணிக்கு உள்ளே வைப்பேன். அரைமணிக்கு ஒருதரம் பெட்டியை வெயில் பக்கம் திருப்புவதோடு சரி, திறப்பதில்லை. சித்திரை வெயிலுக்கு இரண்டரை மணி நேரம் ஆகிறது. மேல்பக்கம் பேக்கரி மாதிரி சிவக்காது. ஐப்பசி, கார்த்திகையில் இதை நம்ப முடியாது.

பேரன் மூன்று துண்டு தின்றுவிட்டு, "தாத்தா, நாளைக்கு மேகம் வந்தா?" என்றான்.

"தோசைதான்."