சேலைக்கு முத்திரை உண்டு, நெசவாளருக்கு?

ஆரணிப் பட்டுச் சேலை தனியாகக் கடைக்கு வருவதில்லை, சான்றுகளோடு வருகிறது. ஊர்ப்பெயருக்குப் புவிசார் குறியீடு, அசல் பட்டு என்பதற்கு 2004-இல் வந்த சில்க் மார்க், கைத்தறியில் நெய்தது என்பதற்குக் கைத்தறி முத்திரை. நெய்தவரிடம் இருப்பது பெரும்பாலும் நெசவாளர் அடையாள அட்டை மட்டுமே. அவர் நெசவாளர் என்று அது சொல்லும். அவருக்கு என்ன நெய்யத் தெரியும் என்று சொல்லாது.

தறியில் இருக்கும்வரை இந்தக் குறை உறுத்துவதில்லை. ஆரணியிலோ தேவிகாபுரத்திலோ பாவு கொடுக்கும் முதலாளி சான்றிதழா கேட்கப்போகிறார்? முன்பு நெய்த சேலையின் கரையைப் பிடித்துப் பார்த்தால் அவருக்குப் போதும். 2020 ஊரடங்கில் கல்யாணங்கள் சுருங்கி, பட்டு விற்பனை படுத்துத் தறிகள் நின்றபோதுதான் சிக்கல் வெளியே வந்தது. வேறு வேலை தேடிப் போனால் கம்பெனி வாசலில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன படிச்சிருக்கீங்க?" புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைப் பழைய பாவோடு ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிப் பிணைக்கத் தெரிந்தவர், "எட்டாவது" என்று சொல்லிவிட்டு நிற்கிறார். அவருடைய இருபது வருட வேலையை எழுத விண்ணப்பத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. 2015-இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் 'முன்கற்றல் அங்கீகாரம்' என்றொரு பிரிவு உண்டு, சுருக்கமாக ஆர்.பி.எல். இதில் வேலையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. குறுகிய அறிமுக வகுப்பு முடிந்ததும் மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார், கேள்வி கேட்பார். தேறினால் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் இடம்பெற்ற சான்றிதழ் கிடைக்கும். ஜக்கார்டு கைத்தறி நெசவும் அந்தக் கட்டமைப்பில் உள்ள வேலைதான். நெசவாளர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை.

இந்தக் காகிதம் கூலியை உயர்த்தாது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஊருக்குள் கைதான் சான்று. பயிற்சியாளர் வேலைக்கோ ஜவுளி ஆலைக்கோ விண்ணப்பிக்கும்போது, முகம் தெரியாத ஒருவரிடம் அனுபவத்தைக் காட்ட அது உதவும். வயது குறைந்தவர்களுக்கு அதைவிடப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் பெரிது என்பேன். அதைத் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பெறலாம். அங்கே சேரும் நெசவாளர் குடும்பத்தினரில் பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி, வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கும் கட்டணத்தில் 75 சதவீதத்தை ஜவுளி அமைச்சகம் ஏற்கும் ஏற்பாடு இருக்கிறது.

"சர்டிபிகேட் தருகிறோம், பணம் கட்டுங்கள்" என்று யாராவது வந்தால், அது தேசியத் தொழிற்கல்விப் பயிற்சிக் குழுமம் அங்கீகரித்த படிப்பா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலும் விசாரிக்கலாம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். ஒருநாள் தறியை விட்டு வந்தால் நெசவாளருக்கு அன்றைய கூலி போய்விடும். மதிப்பீட்டை அவரவர் தறியிலேயே நடத்துங்கள்.