வளர்ந்தோர் பற்சீரமைப்பு

வளர்ந்தோர் பற்சீரமைப்பு என்பது தாடை வளர்ச்சி நிறைவுற்றவர்களின் பிறழ்கடியை, அதாவது மேல், கீழ்ப் பல்வரிசைகள் சரிவரப் பொருந்தாமையை, கம்பி, உறை, திருகாணி முதலிய கருவிகளால் திருத்தும் பல் மருத்துவ முறை ஆகும். பேச்சு வழக்கில் இது 'பல்லுக்குக் கிளிப் போடுதல்' எனப்படுகிறது. நெடுங்காலம் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் உரியதாகவே கருதப்பட்ட இச்சிகிச்சையை இன்று முப்பது, நாற்பது வயதைக் கடந்தோரும் நாடுகின்றனர். தாடை எலும்பை வெட்டிப் பொருத்தும் அறுவை சிகிச்சை இன்றியே கடியைச் சரிசெய்ய முடியுமா என்பதே அவர்களுள் பலர் கேட்கும் முதற் கேள்வியாகும். பிழை பற்களில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் முடியும். தாடை எலும்புகளின் அளவிலோ நிலையிலோ இருந்தால் ஓரளவுக்கே முடியும்.

பிறழ்கடியின் வகைகள்

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்டு ஆங்கிள் 1899 இல் வெளியிட்ட வகைப்பாடே இன்றும் வழக்கில் உள்ளது. இது மேல், கீழ் முதற் கடைவாய்ப்பற்களின் பொருத்தத்தை அடிப்படையாகக் கொண்டது. கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்தியிருந்தும் முன்பற்கள் நெருக்கியோ திரும்பியோ இருப்பது முதல் வகை. கீழ்ப் பல்வரிசை பின்தங்கியிருப்பது இரண்டாம் வகை. அது முன்தள்ளியிருப்பது மூன்றாம் வகை. இவற்றுடன் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை அளவுக்கு மீறி மூடும் ஆழ்கடி, வாயை மூடியும் முன்பற்கள் தொடாத திறந்த கடி, மேற்பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறமாக விழும் குறுக்குக் கடி ஆகியவையும் தனியாகவோ சேர்ந்தோ காணப்படலாம்.

ஆங்கிளின் வகைப்பாடு பற்களையே பார்க்கிறது. அவற்றைத் தாங்கும் எலும்பைப் பார்ப்பதில்லை. ஒரே வகையில் அடங்கும் இருவருள் ஒருவருக்குப் பற்கள் மட்டும் சாய்ந்திருக்கலாம். மற்றவருக்குக் கீழ்த்தாடையே குறுகியிருக்கலாம். பக்கவாட்டுத் தலை எக்சு-கதிர்ப் படத்தில் கோணங்களை அளந்தே இவ்வேறுபாடு அறியப்படுகிறது. சில வேளைகளில் எளிய சோதனையொன்றும் உதவும். கீழ்த்தாடை முன்தள்ளியது போலத் தோன்றும் ஒருவரால் தாடையைப் பின்னிழுத்து முன்பற்களை முனையோடு முனை சேர்க்க முடிந்தால், அது பெரும்பாலும் பல்லின் இடையூற்றால் தாடை முன்நகர்ந்து மூடும் போலி மூன்றாம் வகையாகும். இதற்கு அறுவை சிகிச்சை தேவைப்படுவது அரிது.

பல் நகரும் விதம்

பல்லின் வேர் எலும்புடன் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிப்புள்ள இணைநார்ப் படலம் உள்ளது. பல்லை ஒரு புறமாக மெல்ல அழுத்தும்போது, அழுந்தும் பக்கத்தில் எலும்பை அரிக்கும் உயிரணுக்களும் இழுபடும் பக்கத்தில் எலும்பை உருவாக்கும் உயிரணுக்களும் செயற்படத் தொடங்குகின்றன. இவ்வாறு பல் தன் குழியையும் உடன் கொண்டு நகர்கிறது. விசை மிகுந்தால் நார்ப் படலத்தில் குருதியோட்டம் தடைப்பட்டு, அப்பகுதி இறந்து, நகர்வு சில வாரங்கள் நின்றுவிடும். ஆகவே கம்பியை இறுக்க இறுக்கப் பல் விரைவாக நகரும் என்னும் பரவலான எண்ணம் தவறானது.

இச்செயற்பாடு எவ்வயதிலும் நிகழும். வளர்ந்தோரில் தொடக்கம் சற்றுத் தாமதமாகலாம். பின்னர் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மி.மீ. என்னும் வேகத்தில் பல் நகரும். சிகிச்சைக்குப் பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை ஆண்டுகள் வரை ஆகும்.

வளர்ந்தோரில் இல்லாதது தாடையின் வளர்ச்சி. பதினொரு, பன்னிரண்டு வயதுச் சிறுவரிடத்தில் கீழ்த்தாடை வளர்ந்துகொண்டிருக்கும் காலத்தைப் பயன்படுத்தி இரண்டாம் வகைக் கடியைத் திருத்தலாம். முப்பது வயதினரிடம் அந்த வாய்ப்பு இல்லை. மேலும் அவர்களிடம் ஈறு நோய், இழந்த பற்கள், பொய்ப்பல் பாலங்கள் போன்றவை இருக்கக்கூடும். எலும்பு குறைந்திருந்தாலும் அழற்சி இல்லாத பல்லைப் பாதுகாப்பாக நகர்த்தலாம். அழற்சியுள்ள பல்லை நகர்த்தினால் எலும்பு மேலும் அழியும். எனவே ஈறு நோயைக் கட்டுப்படுத்திய பின்னரே கம்பி பொருத்தப்படுகிறது.

மறைப்புச் சிகிச்சை

தாடைகளின் பொருத்தமின்மையை அப்படியே விட்டு, பற்களைச் சாய்த்தும் நகர்த்தியும் கடியை மட்டும் பொருத்துவது மறைப்புச் சிகிச்சை எனப்படும். அறுவையற்ற திருத்தம் என்று வளர்ந்தோருக்கு வழங்கப்படுவதில் பெரும்பகுதி இதுவேயாகும். எடுத்துக்காட்டாக, கீழ்த்தாடை பின்தங்கிய ஒருவருக்கு மேல் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டு அகற்றப்படுகின்றன. ஒவ்வொரு பக்கமும் கிடைக்கும் ஏறத்தாழ 7 மி.மீ. இடத்தில் முன்பற்கள் பின்னிழுக்கப்படுகின்றன. மூன்றாம் வகையில் கீழ் முன்பற்கள் உட்புறமாகச் சாய்க்கப்படும்.

பல் அகற்றுதல் குறித்த விவாதம் நூறாண்டுக்கு மேற்பட்டது. எல்லாப் பற்களையும் வைத்துக்கொண்டே திருத்த வேண்டும் என்பது ஆங்கிளின் உறுதியான கொள்கை. அவருடைய மாணவரான சார்லஸ் டுவீட், அம்முறையில் தாம் முடித்த சிகிச்சைகள் பல நிலைக்காததைக் கண்டு, அந்நோயாளர்களுக்கு முன்கடைவாய்ப்பற்களை அகற்றி மீண்டும் சிகிச்சை அளித்தார். இன்று எவ்வொரு தரப்பும் முழுமையாக ஏற்கப்படுவதில்லை. இட நெருக்கடி, உதடுகளின் நிலை, முகத்தின் பக்கத்தோற்றம் ஆகியவற்றைக் கொண்டு முடிவு செய்யப்படுகிறது.

மறைப்பா, அறுவையா என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். இயற்கையே தாடைப் பிழையை ஓரளவு ஈடுசெய்யும் வகையில் பற்களைச் சாய்த்திருக்கும். மறைப்புச் சிகிச்சை அச்சாய்வை மேலும் கூட்டுகிறது. அறுவைக்கான முன்னேற்பாடோ அச்சாய்வை நீக்கிப் பற்களை எலும்பின் மேல் நேராக நிறுத்துகிறது. அதனால் அறுவைக்கு முன்னர் கடி இன்னும் மோசமாகத் தோன்றும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் செல்பவை. பாதி வழியில் மனம் மாறினால் செய்ததை அவிழ்த்து மீண்டும் தொடங்க வேண்டும். அகற்றிய பல்லை மீட்கவும் இயலாது.

திருகாணிகளும் திறந்த கடியும்

ஒரு பல்லை இழுக்க மற்றொரு பல்லைப் பிடிமானமாகக் கொண்டால், பிடிமானப் பல்லும் எதிர்த்திசையில் நகரும். இச்சிக்கலுக்குத் தீர்வாக எலும்பிலேயே பிடிமானம் அமைக்கும் எண்ணம் தோன்றியது. 1983 இல் கிரீக்மோர், எக்லண்ட் ஆகியோர் மூக்கடி எலும்பில் பொருத்திய உலோகத் திருகைக் கொண்டு மேல் வெட்டுப்பற்களை உயர்த்தியதை வெளியிட்டனர். 1997 இல் ஜப்பானியரான கனோமி சிறு திருகாணி முறையை விளக்கினார். இன்று பயன்படும் திருகாணிகள் 1.2 முதல் 2 மி.மீ. விட்டமும் 6 முதல் 12 மி.மீ. நீளமும் கொண்டவை. பகுதி மரப்பு ஊசியிட்டுச் சில நிமிடங்களில் இவற்றைப் பொருத்தலாம். வேலை முடிந்ததும் கழற்றலாம். ஏறத்தாழ ஏழில் ஒன்று தளர்ந்துவிடுவதுண்டு. அப்போது வேறிடத்தில் புதிதாகப் பொருத்தப்படும்.

இவற்றால் மிகுதியும் பயனடைந்தது திறந்த கடிச் சிகிச்சையாகும். மேல் கடைவாய்ப்பற்களைத் திருகாணியின் துணையால் எலும்புக்குள் 1 மி.மீ. உயர்த்தினால், கீழ்த்தாடை மேலும் முன்னுமாகச் சுழன்று, முன்பற்களின் இடைவெளி ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. வரை மூடுகிறது. முன்னர் அறுவையே வழி என்று கூறப்பட்டவருள் ஒரு பகுதியினருக்கு இது மாற்றாகியுள்ளது. ஆனால் அதே சுழற்சி மோவாயை முன்கொணர்வதால், பின்தங்கிய தாடைக்கு நன்மையாகவும் முன்தள்ளிய தாடைக்குத் தீமையாகவும் அமையும். நாவை முன்தள்ளி விழுங்கும் பழக்கம் நீங்காவிட்டால் கடி மீண்டும் திறக்கக்கூடும்.

குறுகிய மேற்றாடையை விரித்தலும் இதனோடு தொடர்புடையது. அண்ணத்தின் நடுவிலுள்ள எலும்புப் பொருத்து வயது கூடக் கூடப் பின்னிப் பிணைகிறது. சிறுவருக்குப் பயன்படும் விரிப்பான் வளர்ந்தோரில் எலும்பைப் பிரிக்காமல் பற்களை வெளிப்புறமாகச் சாய்ப்பதே மிகுதி. 2010 முதல் கொரியாவிலிருந்து பரவிய, திருகாணிகளால் அண்ண எலும்பில் பொருத்தப்படும் விரிப்பான் இளம் வயதினர் பலரில் பொருத்தைப் பிரிக்கிறது. வயது கூடக் கூட வெற்றி வாய்ப்புக் குறைகிறது. பொருத்து இணையும் வயது ஆளுக்கு ஆள் பெரிதும் வேறுபடுவதால், முப்பரிமாணப் படத்தைப் பார்த்தே முயற்சி மேற்கொள்ளப்படுகிறது.

வெளித்தெரியாக் கருவிகள்

வளர்ந்தோர் தயங்குவதற்குத் தோற்றமும் ஒரு காரணம். முன்னர் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோகப் பட்டை பூட்டப்பட்டது. 1970களில் பிடிப்பான்களைப் பல்லின் மேல் நேரடியாக ஒட்டும் முறை வந்தது. பல்லின் உட்புறத்தில் ஒட்டும் முறையை அதே காலத்தில் அமெரிக்காவில் கிரேவன் குர்சும் ஜப்பானில் கின்யா புஜிதாவும் தனித்தனியே உருவாக்கினர். புஜிதாவின் நோக்கம் அழகு அன்று. தற்காப்புக் கலை பயில்வோரின் உதடுகள் கம்பியால் கிழியாமல் காப்பதாகும்.

1997 இல் தொடங்கப்பட்ட அலைன் டெக்னாலஜி நிறுவனம், கணினியால் திட்டமிடப்பட்ட தெளிந்த நெகிழி உறைகளை 'இன்விசலைன்' என்னும் பெயரில் அறிமுகப்படுத்தியது. இவை பொதுவாக அலைனர் எனப்படுகின்றன. ஒவ்வோர் உறையும் பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்தும். நாளுக்கு 20 முதல் 22 மணிநேரம் அணிந்து, ஒன்று அல்லது இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மிதமான நெருக்கத்திற்கும் பற்சாய்வுக்கும் இவை நன்கு பயன்படுகின்றன. உருண்டை வடிவப் பற்களைத் திருப்புதல், பல்லை வெளியிழுத்தல், வேரை நேராக்குதல் ஆகியவற்றில் கம்பியே நம்பகமானது. கழற்றி வைக்கும் வசதியே இவற்றின் குறையும் ஆகும். பைக்குள் இருக்கும் உறை பல்லை நகர்த்துவதில்லை.

எல்லைகளும் இடர்களும்

புரோஃபிட், அக்கர்மன் ஆகியோர் பல் நகர்வின் எல்லைகளை ஒரு வரைபடமாகத் தந்துள்ளனர். அதன்படி மேல் வெட்டுப்பற்களைக் கருவியால் மட்டும் பின்னோக்கி ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்தலாம்; முன்னோக்கி 2 மி.மீ. மட்டுமே. அறுவையுடன் இவை முறையே 15, 10 மி.மீ. ஆகின்றன. திருகாணிகள் கருவியின் எல்லையைச் சற்று விரித்துள்ளன, நீக்கவில்லை. மேல், கீழ் முன்பற்களின் கிடை இடைவெளி 10 மி.மீ.க்கு மேற்பட்டால் மறைப்புச் சிகிச்சை நிறைவளிப்பது கடினம். முகக் கோணல், மிகப் பின்தங்கிய மோவாய் ஆகியவை பற்களை நகர்த்துவதால் மாறா. முகத்தோற்றமே ஒருவரின் முதன்மைக் குறையாயின், கடி பொருந்திய பின்னும் அக்குறை அப்படியே இருக்கும்.

எல்லையை மீறினால் வேர் எலும்புக்கு வெளியே வந்து ஈறு இறங்கும். வேர் முனை சிறிது தேய்வது பெரும்பாலோரில் நிகழ்கிறது. கடுமையான தேய்வு நூற்றுக்கு 1 முதல் 5 பேருக்கு ஏற்படலாம். நெருங்கியிருந்த பற்கள் நேரானதும் ஈறருகே கரிய முக்கோண இடைவெளிகள் தோன்றுவது வளர்ந்தோரில் மிகுதி. எலும்புத் தேய்வுக்கு பிஸ்பாஸ்போனேட் வகை மருந்து உட்கொள்வோரில் பல் மிக மெதுவாக நகரும் என்பதால் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாடை மூட்டு வலி நீங்கும் என்னும் நம்பிக்கையில் மட்டும் இச்சிகிச்சையை மேற்கொள்வது பொருந்தாது. பற்சீரமைப்பு அவ்வலியை உண்டாக்குவதற்கோ போக்குவதற்கோ போதிய சான்று இல்லை.

அறுவையைத் தவிர்க்கும் விருப்பம் வணிகத்திற்கும் இடமளித்துள்ளது. வளர்ந்தோரின் மேற்றாடையையே முன்னோக்கி வளரச் செய்யும் என்று கூறி அமெரிக்காவில் பொருத்தப்பட்ட 'ஆகா' என்னும் கருவி குறித்து, கேஎஃப்எஃப் ஹெல்த் நியூஸ், சிபிஎஸ் நியூஸ் ஆகியவை 2023 மார்ச்சில் புலனாய்வுச் செய்தி வெளியிட்டன. தாடை வளரவில்லை, முன்பற்களே எலும்பிலிருந்து வெளித்தள்ளப்பட்டன என்று நோயாளர் பலர் வழக்குத் தொடுத்திருந்தனர். நேரடிப் பரிசோதனை இன்றி அஞ்சலில் உறைகளை அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் இடையில் இருந்தவர்கள் கைவிடப்பட்டனர்.

தக்கவைத்தல்

கருவி கழற்றப்பட்டதும் பற்கள் பழைய இடத்தை நோக்கித் திரும்ப முயல்கின்றன. இணைநார்கள் சீரமைய மூன்று முதல் நான்கு மாதங்களும், ஈற்றிலுள்ள மீள்நார்கள் சீரமைய ஓராண்டு வரையும் ஆகும். இதனால் கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பி ஒட்டப்படுகிறது, அல்லது இரவில் அணியும் தக்கவைப்பான் தரப்படுகிறது. வாசிங்டன் பல்கலைக்கழகத்தில் பல்லாண்டுகள் பின்தொடரப்பட்ட நோயாளர்களில் பெரும்பாலோருக்குக் கீழ் முன்பற்கள் மீண்டும் நெருங்கியிருந்தன. சிகிச்சையே பெறாதவர்களுக்கும் வயதோடு இந்நெருக்கம் கூடுகிறது என்பதால், இதனை முழுவதும் சிகிச்சையின் தோல்வி எனக் கொள்ள இயலாது. தக்கவைப்பானை எத்தனை காலம் அணிய வேண்டும் என்னும் கேள்விக்கு இன்று மருத்துவர்கள் பலர் தரும் விடை, பற்கள் நேராக இருக்க வேண்டும் என்று விரும்பும் காலம் வரை என்பதாகும்.