இறால் ஓடும் இரத்தப்போக்கும்

இறாலைச் சமைப்பதற்கு முன் தலையையும் ஓட்டையும் நீக்கிக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். ஒரு வீட்டில் இது கைப்பிடி அளவுதான். ஏற்றுமதிக்காக இறாலைப் பதப்படுத்தும் தொழிற்சாலைகளிலோ இது மலையாகக் குவிகிறது. ஏனெனில் இறாலின் எடையில் ஏறத்தாழப் பாதி, தலையும் ஓடுமாகவே கழிந்துவிடும். இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் கடலுணவுகளில் உறைய வைத்த இறாலே முதலிடம் வகிக்கிறது. அப்படியானால் எவ்வளவு ஓடு சேரும் என்று எண்ணிப் பாருங்கள்! வெயிலில் கிடந்தால் விரைவில் அழுகி நாற்றமெடுக்கும் இக்கழிவுக்குள், பீறிடும் இரத்தத்தை நிறுத்த உதவும் ஒரு பொருள் மறைந்திருக்கிறது. அது என்ன? எவ்வாறு செயல்படுகிறது?

ஓட்டின் அமைப்பு

கட்டடம் கட்டும்போது முதலில் இரும்புக் கம்பிகளைக் கட்டி, அவற்றின்மேல் கான்கிரீட் கலவையைக் கொட்டுகிறார்கள் அல்லவா? இறால், நண்டு ஆகியவற்றின் ஓடும் ஏறத்தாழ இப்படித்தான் அமைந்துள்ளது. இங்கே கலவையின் இடத்தில் இருப்பது கால்சியம் கார்பனேட். கம்பிகளின் இடத்தில் இருப்பவை, புரதத்தால் சூழப்பட்ட கைட்டின் என்னும் மூலக்கூறின் இழைகள்.

1811ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியலறிஞர் பிரேக்கனோ இப்பொருளை முதலில் கண்டது இறாலில் அன்று, காளானில்! 1823இல் ஓடியே என்பவர் இதைப் பூச்சிகளின் மேலோட்டிலிருந்து பிரித்து, கைட்டின் எனப் பெயரிட்டார். மேலாடையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

கைட்டின் ஒரு நீண்ட சங்கிலி மூலக்கூறு. பருத்தியிலும் மரத்திலும் உள்ள செல்லுலோஸில், குளுக்கோஸ் அலகுகள் மாலையில் கோத்த மணிகளைப் போல் வரிசையாக இணைந்துள்ளன. கைட்டினும் அதே வகை மாலைதான். ஆனால் இதன் ஒவ்வொரு மணியிலும், நைட்ரஜன் அடங்கிய ஒரு சிறு பகுதி கூடுதலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அருகருகே கிடக்கும் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் இறுகப் பிணைக்கின்றன. ஒரு தனிப் பிணைப்பு வலுவற்றது. ஆயிரக்கணக்கில் சேரும்போதோ நீரால்கூட உள்ளே புகுந்து சங்கிலிகளைப் பிரிக்க முடிவதில்லை. எனவே கைட்டின் நீரில் கரைவதில்லை.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். நன்கு கழுவிய நண்டு ஓட்டுத் துண்டு ஒன்றை வினிகரில் போட்டு வையுங்கள். ஓட்டின்மேல் சிறு குமிழிகள் தோன்றும். அவை கார்பன்-டை-ஆக்சைடு வாயு. வினிகரிலுள்ள அமிலம் கால்சியம் கார்பனேட்டைக் கரைப்பதால் அவ்வாயு வெளிவருகிறது. இரண்டு நாட்களுக்குப் பின் எடுத்துப் பார்த்தால் ஓடு மென்மையாகி வளையும். கலவை போய்விட்டது, கம்பிகள் மட்டும் எஞ்சியுள்ளன!

கைட்டோசான் பிறக்கிறது

தொழிற்சாலையிலும் முதற்படி இதுவே. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கால்சியம் கார்பனேட்டையும், நீர்த்த எரிசோடாக் கரைசலால் புரதத்தையும் நீக்குகிறார்கள். எஞ்சிய கைட்டினை அடர்த்தியான எரிசோடாக் கரைசலில் சூடாக்கும்போது, பெரும்பாலான மணிகளிலிருந்து அசிட்டைல் தொகுதி என்னும் ஒரு துணுக்கு கழன்றுவிடுகிறது. அந்த இடத்தில் அமினோ தொகுதி வெளிப்படுகிறது. இவ்வாறு மாறிய பொருளே கைட்டோசான். 1859இல் ரூஜே என்பவர் எரிபொட்டாஷில் கைட்டினைக் கொதிக்க வைத்து இம்மாற்றத்தைக் கண்டார். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இறால் ஓட்டிலிருந்து கைட்டோசானைத் தயாரிக்கும் முறைகளை உருவாக்கியுள்ளது.

கழன்றது சிறு துணுக்குதான். ஆனால் பொருளின் இயல்பே மாறிவிட்டது. நீர்த்த அமிலத்தில் அமினோ தொகுதி ஒரு புரோட்டானைப் பற்றிக்கொண்டு நேர் மின்னூட்டம் பெறுகிறது. சங்கிலி முழுவதும் நேர் மின்னூட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதை வகுப்பில் படித்திருப்பீர்கள். ஆகவே சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிகின்றன, கைட்டோசான் கரைகிறது. இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் சங்கிலி மூலக்கூறுகளில் நேர் மின்னூட்டம் பெறக்கூடியவை அரிது. கைட்டோசானின் சிறப்பு இதில்தான் உள்ளது.

இரத்தம் நிற்பது எப்படி?

ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் சிவப்பணுக்கள் உள்ளன. இவ்வளவு நெரிசலிலும் அவை ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதில்லை? முக்கியமான காரணம், அவற்றின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதே. இங்கும் விலக்கு விசைதான் வேலை செய்கிறது.

காயத்தின்மேல் கைட்டோசானை வைத்தால் என்ன நிகழும்? வேறின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்க்கும். சிவப்பணுக்கள் கைட்டோசானில் ஒட்டிக் கூட்டமாகத் திரண்டு, காயத்தின் வாயை அடைக்கின்றன. இரத்தம் இயல்பாக உறைவதற்குப் பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயல்பட வேண்டும். இந்த அடைப்போ அப்புரதங்களை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை.

வளர்ந்த மனிதரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தமே உண்டு. பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். அதனால்தான் போர்முனை மருத்துவர்கள் இதில் ஆர்வம் காட்டினர். அமிலத்தில் கரைத்த கைட்டோசானை உறைய வைத்து உலர்த்திச் செய்த காயக்கட்டு ஒன்றுக்கு, அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அமெரிக்கப் படையினர் அதைப் பயன்படுத்தினர். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எந்தக் கட்டாக இருந்தாலும் காயத்தின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தாக வேண்டும். விபத்தின்போது கைட்டோசான் இல்லாவிட்டாலும், சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதே முதலுதவி.

மருத்துவத்துக்கு வெளியே

கலங்கிய நீரில் மிதக்கும் நுண்துகள்களில் பெரும்பாலானவை எதிர் மின்னூட்டம் உடையவை. கைட்டோசான் கரைசலைச் சேர்த்தால் அவை திரண்டு அடியில் படிகின்றன. இரத்தத்தில் நடந்த அதே இயற்பியல்தான்!

கரைசலை மெல்லிய படலமாக ஊற்றி உலர்த்தினால் ஒளி ஊடுருவும் தாள் கிடைக்கிறது. உணவுப் பொருள்களைச் சுற்ற இது உதவும். பாலித்தீன் பை மண்ணில் பல்லாண்டுகள் கிடக்கும்; கைட்டோசான் தாளையோ நுண்ணுயிரிகள் தம் நொதிகளால் சிதைத்துவிடும். இந்த நுண்ணுயிரிகள் இல்லாவிட்டால், கோடிக்கணக்கான ஆண்டுகளாக உதிர்ந்த ஓடுகள் கடலடியில் கைட்டின் மலைகளாய்க் குவிந்திருக்கும்.

எனினும் குறைகளும் உண்டு. கைட்டோசான் தாள் ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கிறது. இதைத் தயாரிக்க எரிசோடாவும் நீரும் மிகுதியாகத் தேவைப்படுகின்றன. அக்கழிவுநீரை அப்படியே வெளியேற்றினால் ஒரு மாசை நீக்கி இன்னொரு மாசை உண்டாக்கியவர்களாவோம். எரிசோடாவுக்குப் பதிலாக நொதிகளைக் கொண்டே அசிட்டைல் தொகுதியை நீக்கும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. நுண்ணுயிரிகளுக்கு இக்கலை முன்பே தெரியும். சூடின்றி, காரமின்றி அவை செய்வதைத் தொழிற்சாலை அளவில் மலிவாகச் செய்வது எப்படி? இக்கேள்விக்கு விடை காண்பவர் இதைப் படிக்கும் உங்களில் ஒருவராகவும் இருக்கலாம்.