கூடத்துச் சுவரில் குடும்பப் படங்கள்



நம் வீடுகளின் கூடத்தில், கதவு நிலைக்கு மேலே சற்று முன்சாய்ந்தவாறு தொங்கும் குடும்பப் படங்களை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். பாட்டனாரின் தலைப்பாகையும் பாட்டியின் காசுமாலையும் அவற்றில் விளங்குகின்றன. எனினும் ஒரு படத்தைச் சுட்டி, "இவர் யார்?" என்று வினவினால், வீட்டிலுள்ளோர் விடை தெரியாது விழிப்பதும் உண்டு. படம் மங்குவது ஒரு கேடு. படத்திலுள்ளவர் இன்னாரென மறந்துபோவது அதனினும் பெருங்கேடு. இவ்விரண்டையும் தடுப்பது எங்ஙனம்?

படம் ஏன் மங்குகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். 1839-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் டாகேரின் முறை உலகறிய வெளியிடப்பட்டது. அதன்பின் நெடுங்காலம் ஒளிப்படக் கலைக்கு அடிப்படையாக நின்றது வெள்ளியே. கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம், ஜெலட்டின் என்னும் மெல்லிய பூச்சினுள் பதிந்த வெள்ளித் துகள்களால் ஆனது. ஈரம் பட்டால் ஜெலட்டின் உப்பிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும்; பூஞ்சையும் படரும். வண்ணப் படத்தில் உள்ளவை சாயங்கள். ஒளி அவற்றைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். போன நிறம் மீளாது.

ஆதலால், வெயில் விழும் இடத்திலும், மழையில் நனையும் புறச்சுவரிலும் படம் மாட்டலாகாது. கண்ணாடி படத்தைத் தொடாதவாறு இடையே அட்டை விளிம்பு அமைக்கவேண்டும். கண்ணாடியில் நீரைத் தெளித்துத் துடைத்தால், அது சட்டத்தின் இடுக்கில் இறங்கும். பிழிந்த துணியே போதும். எல்லாவற்றினும் சிறந்தது, பிரதி ஒன்றைச் சுவரில் மாட்டி, மூலப் படத்தை ஈரமற்ற பெட்டியில் காப்பதாகும்.

இனிப் பெயரைப் பற்றிக் கூறுவேன். நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில், ஆண்டுதோறும் எடுத்த குழுப் படங்களின் அடியில், "நிற்போர், இடமிருந்து வலமாக" என்று தொடங்கிப் பெயர்களை அச்சிடுவது வழக்கம். அதனால் பல்லாண்டு கழிந்தபின்னும் அவற்றில் ஒவ்வொருவரையும் இனங்காண இயலுகிறது. இம்முறையை வீட்டிலும் கைக்கொள்ளலாம். பெயர், உறவு, ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தனித்தாளில் எழுதிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டுங்கள். படத்தின் முதுகில் மையினால் எழுதாதீர்கள். மை ஊறி முகப்புக்கு வரக்கூடும்.

பழையதைக் காப்பதோடு புதியதைச் சேர்ப்பதும் கடமையே. கல்லூரி செல்லும் மகனின் படம், சுவரில் இன்னும் முதலாம் ஆண்டு நிறைவுக் கோலத்திலேயே இருப்பதைப் பல இல்லங்களில் காண்கிறோம். இன்று கைப்பேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் குவிகின்றன. கருவி பழுதானால் அவை அனைத்தும் ஒருசேர மறைந்துபோதலும் கூடும். ஆண்டுக்கு ஒரு படத்தையேனும் தேர்ந்தெடுத்து, அச்சிட்டு மாட்டுங்கள். இடம் போதாவிடில், பழைய படமொன்றைப் பெயர்த்தாளுடன் பெட்டியில் வையுங்கள், எறிந்துவிட வேண்டா.

வரும் விடுமுறையில், உங்கள் வீட்டு முதியவர் அருகே ஒரு படத்துடன் அமர்ந்து, அதிலுள்ளோரின் பெயர்களைக் கேட்டு எழுதுங்கள். அவர் சொல்லக்கூடிய பெயர்களுள் சில, வேறு எவருக்கும் தெரியாதவையாக இருக்கலாம். ஆகவே இப்பணியை மறு விடுமுறைக்கு ஒத்திப் போடாதீர்கள்.