பத்தரிடம் போகுமுன்

யாழ்ப்பாணத்திலே தாலிக்கொடி செய்விப்பது மாப்பிள்ளை வீட்டார் கடன். நல்ல நாளிலே பொன்னுருக்கு நடக்கும்; அதன்பின் கொடி பத்தர் கையிலே உருவாகும். எத்தனை பவுண் என்பதில் மட்டும் வழக்கம் பிடிவாதமானது: 7, 9, 11 என ஒற்றைப்படையாகவே அமையவேண்டும்.

என் மருமகன் ஓர் இளம் ஆசிரியன். அவன் திருமணத்துக்கு 11 பவுணே மதிப்பென்றார் என் தமக்கையார். அதற்காக வீட்டு வளவை ஈடுவைக்கவும் துணிந்துவிட்டார். கணக்குப் பார்க்கும் பொறுப்பு தாய்மாமனாகிய எனக்கு வந்தது.

ஒரு பவுண் 8 கிராம். ஆகவே 11 பவுண் 88 கிராம். விலை விசாரிப்போர் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுவர். கம்பி இழுக்கும்போதும் அராவும்போதும் மெருகிடும்போதும் பொன் தேய்கிறது. அராவிய துகளைச் சேர்த்து மீண்டும் உருக்கலாம். மெருகிற் போனது எளிதில் மீளாது. சேதாரம் நூற்றுக்கு 8 என்று கொண்டால், 88 கிராமுக்கு மேலும் 7 கிராம் வேண்டும். அதாவது 11 பவுண் கொடிக்கு ஏறக்குறைய 12 பவுணின் விலை! செய்கூலி வேறு.

பழைய அட்டியல் ஒன்று இருக்கிறதே என்றார் தமக்கையார். அதன் எடையிலே கல்லும் அரக்கும் சேர்ந்திருந்தன, பற்றாசும் கலந்திருந்தது. அவை நீங்கி உருகிய பின்னர் நிற்பதே பொன். அதுவும் 22 கரட்டாயின் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். ஆதலால் அட்டியலை உருக்கி, உரைத்துப் பார்க்கும்வரை வரவிலே எழுதலாகாது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மருமகனின் சேமிப்பை முன்வைத்தே பார்த்தோம். 9 பவுணுக்குச் சேதாரத்தோடு 78 கிராம் போதும். தினந்தோறும் ஏறும் விலைக்கு அஞ்சி, பொன்னை முதலிலேயே வாங்கி, நிறுத்துக் கொடுத்தோம். எடை, கரட், சேதாரம், கூலி, மிஞ்சினால் திருப்பவேண்டியது ஆகிய யாவும் ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் ஒப்பமிட்டோம். வளவு ஈட்டுக்குப் போகவில்லை.

கூலியில் மட்டும் ஒரு சதமேனும் குறைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மவர் பேரம் பேசுவதோ பெரும்பாலும் அங்கேதான். இயந்திரச் சங்கிலி கடையிலே தொங்கும் இக்காலத்தில், உமியோட்டின் முன் குனிந்திருந்து ஊதுகுழலால் வளையம் வளையமாகப் பற்றவைக்கும் பத்தருக்கு, மிஞ்சுவது அந்தக் கூலி ஒன்றே.