15 மீட்டர் ஒயர், 100 அங்குலப் படம்

ஐபிஎல் வந்துவிட்டால், சென்னைப் புறநகரான பம்மலின் மாடிகளில் தெருவே கூடிப் பார்க்க ஒரு புரொஜெக்டர் ஆசை எழும். ஹாலில் ஓடும் டிவியிலிருந்து மாடிக்கு ஒயர் இழுத்தால் போதும் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கின் முதல் வரியே தவறு. பழைய படக்குழாய் டிவிகள் பலவற்றில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு பின்களுக்கு உள்வழியும் இருந்தது, வெளிவழியும் இருந்தது. இன்றைய டிவியின் முதுகில் 3 எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும் மூன்றும் உள்வழிதான். 2009இல் வந்த ஏஆர்சி வசதியிலும் வெளியே வருவது ஒலி மட்டும்; படம் வராது.

ஆகவே படத்தை செட்டாப் பாக்ஸிலிருந்தே பிரிக்க வேண்டும். 1க்கு 2 ஸ்ப்ளிட்டர் ஒன்று, பாக்ஸுக்கும் டிவிக்கும் சிறு ஒயர்கள், மாடிக்கு ஒரு நீள ஒயர். ஹாலிலிருந்து ஜன்னலுக்கு 4 மீட்டர், சுவரேறி மாடிக்கு 4, மாடியில் 5. மொத்தம் 13, வாங்க வேண்டியது 15. சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் இவை எல்லாமாகச் சேர்த்துத் தோராயமாக 2,500 ரூபாயில் முடியும். மடக்குக் கால்களில் நிறுத்தும் 100 அங்குலத் திரைக்கு இன்னொரு 3,500 வைத்துக்கொள்ளலாம்.

எந்த ஒயர் என்பதில்தான் பணம் வீணாகிறது. 4கே படம் 60 பிரேமில் ஓட நொடிக்கு ஏறக்குறைய 18 ஜிகாபிட் தேவை. சாதாரணச் செம்பு ஒயர் 15 மீட்டருக்கு அதைத் தாங்காது, விலை கூடிய ஆப்டிகல் ஒயர் வேண்டும். 1080பி படத்துக்கு 4.5 ஜிகாபிட் போதும். நல்ல செம்பு ஒயரே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

4கே நமக்குத் தேவையா? 100 அங்குலத் திரையின் உயரம் 124.5 செ.மீ. அதில் 1080 வரிகள் என்றால் ஒரு வரி 1.15 மி.மீ. நல்ல பார்வையுள்ளவர் கண்ணுக்கு அந்த வரி 13 அடிக்கு அப்பால் பிரிந்து தெரியாது. பழைய மஞ்சள் பின் தரும் படத்தில் அதிகபட்சம் 576 வரிகள். ஒரு வரி 2.16 மி.மீ. 25 அடி தள்ளி உட்கார்ந்தவருக்கு அதுவும் தெரியாது. புள்ளிக் கணக்கில் 720×576 என்பது 4,14,720; 1920×1080 என்பது 20,73,600. சரியாக ஐந்து மடங்கு. அந்த ஐந்து மடங்கின் அருமை முன்வரிசைக் குழந்தைகளுக்குத்தான் போய்ச் சேரும். ஸ்கோர் எழுத்தைப் படிப்பவர்கள் அவர்கள், அதனால் 1080பியை விட வேண்டாம் என்பேன். ஆனால் கையில் பணமில்லாத தெருவுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிடைக்கும் மஞ்சள் பின் ஒயரும் மரியாதையான வழிதான்.

மிச்சப்படும் பணம் வெளிச்சத்துக்குப் போகட்டும். திரையின் பரப்பு 2.76 சதுர மீட்டர். 3,000 லூமன் புரொஜெக்டர் அதில் 1,087 லக்ஸ் விழச் செய்யும். தெருவிளக்கால் 10 லக்ஸ் கசிந்தாலும் வெள்ளைக்கும் கறுப்புக்கும் நூறு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கும். பெட்டியில் பெரிய எண் அச்சிட்டு, உண்மையில் 200 லூமன் தரும் மலிவுப் புரொஜெக்டரில் இதே இடைவெளி 8 மடங்காகச் சுருங்கி, இரவு ஆட்டத்தில் பந்து மங்கிவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் புரொஜெக்டருக்கான ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரிக்கு முன் 40,000 ரூபாய் என்றால் முன்பு 51,200, இப்போது 47,200. ஒயரும் திரையும் 6,000. மொத்தம் 53,200. 40 வீடுகள் சேர்ந்தால் வீட்டுக்கு 1,330 ரூபாய். பல தெருக்களில் பிள்ளையார் சதுர்த்திக்கும் பொங்கலுக்கும் வசூல் செய்யும் பழக்கம் ஏற்கெனவே உண்டு. புரொஜெக்டரோ பல ஆண்டுகள் உழைக்கும் பொருள். மின்சாரம் பெரிய செலவே இல்லை: 300 வாட் நான்கு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட்.

ஒலிக்குத்தான் வேறு கணக்கு. மாலை ஆட்டம் 7.30க்குத் தொடங்கி 11ஐ நெருங்கும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை. குடியிருப்புப் பகுதியில் பகலின் 55 டெசிபல் வரம்பு இரவில் 45 ஆகக் குறைகிறது. அதனால் பெரிய ஸ்பீக்கர் முதல் இன்னிங்ஸுக்கு மட்டும். பத்து மணிக்குமேல் புரொஜெக்டரின் சின்ன ஸ்பீக்கரைக் குறைந்த சத்தத்தில் வைத்து, நாற்காலிகளைத் திரைக்குப் பக்கம் நகர்த்திக்கொண்டால் கடைசி ஓவர் வரை பார்க்கலாம்.